அப்பாவின் ரைபிளுக்கு என்ன விலை?

கேள்வி: அண்ணாச்சி, எனக்குக் களக்காடு பக்கம். ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். அப்பா தவறி ஏழு மாதம் ஆகிறது. தாத்தா காலத்தில் வாங்கிய ஒற்றைத் தோட்டா ரைபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. பாயின்ட் 22. கீழே இருக்கிற லீவரை இழுத்தால் திறக்கும். பக்கவாட்டில் மூன்று துப்பாக்கியைச் சாய்த்து நிறுத்தின மாதிரி முத்திரையும் பி.எஸ்.ஏ. என்ற எழுத்தும் உண்டு. லைசென்ஸ் அப்பா பேரில் இருக்கிறது. தெரிந்த ஒருவர் 15,000 ரூபாய் தருகிறேன், உடனே எடுத்துக்கொள்கிறேன், பேப்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். மச்சான் இணையத்தில் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் இதை 800 டாலர் சொல்கிறார்கள், இங்கே கிடைக்காத சாமான், ஒன்றரை லட்சத்துக்குக் குறைத்துக் கொடுக்காதே என்கிறார். ஆசாரியிடம் கொடுத்துக் கட்டையைப் பாலீஷ் போட்டு விற்றால் கூடுதலாகப் போகுமா? நியாயமான விலை என்ன?

பதில்: தம்பி, நீங்கள் விலை கேட்டிருக்கிறீர்கள். நான் விலையைச் சொல்வதற்கு முன்னால் துப்பாக்கி வீட்டில் இருக்கிறதே என்றுதான் பதறுகிறேன். அப்பா பேரில் இருந்த லைசென்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது. அவர் போன பிறகு அந்த ரைபிள் உங்கள் வீட்டுப் பீரோவில் இருப்பது, நீங்கள் அதைத் தொடாவிட்டாலும், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதாகத்தான் எண்ணப்படும். சிறைத் தண்டனை வரை போகிற விஷயம் இது. துக்கத்தில் இருக்கிற வீட்டில் யாருக்கும் இது முதலில் தோன்றாது. என் துப்பாக்கிக் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படித் தெரியாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தவர்கள்தான்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. வைத்திருக்கும் உரிமை முடிந்த ஆயுதத்தைத் தாமதம் செய்யாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். நாளைக்கே அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். முதலில் துப்பாக்கியைக் கொண்டு போகாதீர்கள். விவரத்தை எழுத்தில் கொடுங்கள், தெரியாமல் தாமதமாகிவிட்டது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொல்கிறபடி கொண்டு போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை.

ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அதே 21ஆம் பிரிவு வாரிசுகளுக்கு இரண்டு உரிமை தருகிறது. உங்களுக்கு லைசென்ஸ் கிடைத்தால் திரும்பப் பெறலாம். இல்லையென்றால், வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, விற்ற பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. கெடுவுக்குள் ஒன்றும் செய்யாமல் விட்டால், ஆட்சியர் உத்தரவு போட்டு அதை அரசுக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் என்ன விலை பேசினாலும் உங்கள் கைக்கு ஒன்றும் வராது.

எங்கே ஒப்படைப்பது என்பதும் விலையைத் தொடுகிற கேள்விதான். திசையன்விளைப் பக்கம் ஓர் அம்மா, கணவரின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்கள். கடல் காற்று அடிக்கிற இடம். எண்ணெய்த் துணி படாமல் அது மூலையில் சாய்ந்தே கிடந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது குழலுக்குள் துரு பொரிந்து நின்றது. ஒப்படைத்த அன்று நான் கொடுத்திருக்கக்கூடிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அன்றைக்குச் சொல்ல முடிந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார்கள். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன், முடிந்தால் ஸ்டேஷனில் தகவல் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள வியாபாரி ஒருவரிடம் பாதுகாப்புக்கு வையுங்கள். வாடகை கேட்பார்கள், கொடுங்கள். துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது அவர்கள் பொறுப்பு. எங்கே வைத்தாலும் ரசீதில் துப்பாக்கி எண்ணும், குழலும் கட்டையும் இருக்கிற நிலையும் எழுதி வாங்குங்கள்.

அந்த 15,000 ரூபாய்க்காரருக்கு வருகிறேன். தொகை கூடவா குறைவா என்று நான் பார்க்கவே இல்லை. "பேப்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லோடு அவர் பேச்சு முடிந்தது. அவர் கையில் அந்த ரைபிள் போய், நாளைக்கு மலையடிவாரத்தில் ஒரு மிளா மானோ பன்றியோ விழுந்தால், குழலில் இருக்கிற எண் உங்கள் அப்பா பேரைத்தான் சொல்லும். நம் மலையில் வேட்டை என்பதே கிடையாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் வந்த பிறகு அந்தக் காலம் போய்விட்டது. வாழையைப் பன்றி உழுது போடுகிற வேதனை எனக்குத் தெரியும், அதற்கும் வனத்துறை மூலமாகத்தான் போக வேண்டும். அவரிடம் முடியாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

இனி விலை. மச்சான் பார்த்த 800 டாலர் பொய்யில்லை. ஆனால் அது விற்றவர் கேட்ட விலை, வாங்கியவர் கொடுத்த விலை இல்லை. எந்த ஊர்ச் சந்தையிலும் கேட்கிற விலை தொங்கிக்கொண்டே இருக்கும், படிந்த விலைதான் விலை. அதோடு, ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு அங்கே இருக்கிற மதிப்பு வேறு வகையானது. ஒரே குண்டில் வேட்டையை முடிக்க வேண்டும் என்ற கௌரவத்துக்காகவே அதை விரும்பி வாங்குகிறவர்கள் அங்கே உண்டு. 1967இல் ரூகர் நிறுவனம் கொண்டுவந்த நம்பர் 1 என்ற ரைபிளை, அபூர்வமான தோட்டா அளவில் கிடைத்தால் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அதே நாட்டில், முதல் துப்பாக்கியாகப் பையன்களுக்கு வாங்கிக்கொடுக்கிற மலிவான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளும் உண்டு. ஒற்றைத் தோட்டா என்ற ஒரே பெயருக்குக் கீழே பத்து விலை இருக்கிறது. உங்களுடையது அதில் எது என்று மச்சான் பார்த்த படம் சொல்லாது.

இங்கே விலையைக் கட்டுவது வேறு மூன்று கயிறுகள். முதல் கயிறு, வெளிநாட்டுத் துப்பாக்கி வரத்து. 1980களின் நடுவிலிருந்து சாதாரண லைசென்ஸ்தாரர் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய வழியில்லை. அதற்கு முன் வந்தவைதான் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. பி.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்துக்கு நம் நாட்டில் இன்னும் மவுசு இருப்பது இதனால்தான். பர்மிங்காம் நகரத்துக் கம்பெனி அது, நீங்கள் சொன்ன மூன்று துப்பாக்கி முத்திரை அவர்களுடையதேதான். இந்தப் பக்கம் மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது கயிறு அதற்கு எதிராக இழுக்கிறது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்று வைத்திருந்தவர்கள் எதை விட்டார்கள் என்று யோசியுங்கள். என்னிடம் வந்தவர்கள் முதலில் விட்டது ஒற்றைக்குழலையும் ஒற்றைத் தோட்டாவையும்தான். புதிதாக வாங்குகிறவரும் இரண்டே இடம் இருக்கும்போது அதில் ஒன்றை, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டிய ரைபிளுக்குக் கொடுக்க யோசிப்பார். ஆக, உங்கள் ரைபிளை வாங்குகிறவர் காவலுக்கு வாங்குகிறவராக இருக்க மாட்டார். இலக்குப் பார்த்துச் சுட்டுப் பழகுகிறவர், அல்லது உங்களுடையதைப் போல லீவர் போட்டுத் திறக்கிற பழைய மார்ட்டினி ரக ரைபிளை, மார்ட்டினி என்பதற்காகவே ஆசைப்படுகிறவர். அப்படிப்பட்டவர்கள் குறைவு, ஆனால் பொருள் தெரிந்து விலை கொடுப்பார்கள்.

மூன்றாவது கயிறு உங்கள் ஊர். களக்காடு சரணாலயம் 1976இல் வந்தது. 1988இல் முண்டந்துறையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆயிற்று. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புது ஆயுத லைசென்ஸ் கொடுப்பதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் முதலில் வேண்டும். களக்காட்டிலும், மலையை ஒட்டிய அம்பாசமுத்திரம், பாபநாசம் ஊர்களிலும் புதுசாக லைசென்ஸ் வாங்கி உங்களிடம் வருகிறவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். பாளையங்கோட்டை, தூத்துக்குடி, மதுரை என்று வெளியே பாருங்கள். உள்ளூர்க்காரர் சொல்கிற விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம், அவரால் சட்டப்படி வாங்குவது அநேகமாக முடியாது.

இப்போது ரைபிளையே பார்ப்போம். கீழே லீவர் போட்டுத் திறக்கிற இந்த அமைப்புக்கு மார்ட்டினி என்று பெயர். சுவிட்சர்லாந்து நாட்டு மார்ட்டினி செய்த பூட்டும் (தோட்டாவைப் போட்டு அடைக்கிற அமைப்பு) எடின்பரோ ஊர் ஹென்றி செய்த குழலும் சேர்ந்ததுதான் 1871இல் பிரிட்டிஷ் பட்டாளம் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி. அதே பூட்டைச் சின்னதாக்கி பி.எஸ்.ஏ. செய்தது உங்களிடம் இருக்கிறது. லீவரைத் தள்ளினால் உள்ளே இருக்கிற இரும்புக்கட்டை முன்பக்கம் தாழ்ந்து தோட்டாவுக்கு வழிவிடும். உடைந்து போகிற பாகங்கள் குறைவு. நூறு வருஷமானாலும் பூட்டு கெடாது என்று தைரியமாகச் சொல்வேன்.

கெடுவது குழல்தான். அதுவும் எங்கே கெடும் தெரியுமா? வாயில். இந்த அமைப்பில் அந்த இரும்புக்கட்டை பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பதால், பெரும்பாலும் வாய்ப்பக்கமாகவே கம்பியை விட்டுத் துடைப்பார்கள். வருஷக்கணக்காகக் கம்பி உரசி, குழலின் வாயோரத்தில், குண்டைச் சுழற்றிவிடுகிற உள்வரிகள் மழுங்கிப் போகும். பார்த்தால் பளபளவென்று இருக்கும், சுட்டால் குண்டு சொன்ன இடத்தில் போகாது. இலக்குச் சுடுகிறவர் வந்ததும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். அடுத்தது உள்ளே குழிகள். அந்தக் காலத்துத் தோட்டாக்களில் பற்றவைக்கிற மருந்து உப்புத்தன்மையை விட்டுவிட்டுப் போகும். சாரல் காலத்து ஈரம் அதில் சேர்ந்தால் இரும்பைத் தின்னும். உங்கள் தாத்தா சுட்ட அன்றே துடைத்தவரா, மறுநாள் துடைத்தவரா என்று குழலின் உள்பக்கம் இன்றைக்கும் சொல்லும். வீட்டு வழக்கமாக நல்லெண்ணெய் போட்டுப் பிசின் மாதிரி அடைத்துக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது பெரிய குறையில்லை, துடைத்தால் போய்விடும். இதையெல்லாம் வியாபாரியோ, துப்பாக்கி பழுதுபார்க்கிற ஆர்மரரோ பார்க்கட்டும். நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம், சுட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ஆசாரியிடம் கொடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். கொடுக்காதீர்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். முதலாவது, லைசென்ஸ் இல்லாத இன்னொரு கைக்கு ஆயுதத்தைக் கொடுப்பது அதுவே குற்றம். இரண்டாவது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்த கட்டையைக் கண்டால் விவரம் தெரிந்தவர் விலையைப் பாதியாக்கிவிடுவார். அந்தக் கட்டையின் கறுப்பும், தாத்தா தோளில் வைத்து வைத்து வந்த வழவழப்பும்தான் மாற்றாத துப்பாக்கி என்பதற்குச் சாட்சி. இரும்புக்குப் புதுச் சாயம் ஏற்றுவதும் அப்படித்தான். சாயம் ஏற்றுமுன் தேய்க்கிறபோது முத்திரைகள் மங்கும். எண் மங்கினால் விலை மட்டும் போகாது, அடையாள எண் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றமாகிவிடும். கட்டையின் கழுத்தில், கை பிடிக்கிற இடத்தில், விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே பித்தளைத் தகடு வைத்துத் திருகாணி போட்டிருந்தால் விலை நன்றாக இறங்கும்.

குறிபார்க்கிற பின்பார்வை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சின்னத் துளை வழியாகப் பார்க்கிற பார்வை இருந்து, அதில் பார்க்கர்-ஹேல் என்று கம்பெனிப் பெயரும் இருந்தால் கழற்றிவிடாதீர்கள். அந்தப் பார்வைக்காகவே ரைபிளைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

தோட்டா கிடைக்குமா என்பது எந்தப் பழைய துப்பாக்கிக்கும் தலையான கேள்வி. உங்களுக்கு அதிர்ஷ்டம், பாயின்ட் 22 தோட்டாவுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. பழைய பெரிய வீடு ஒன்றில் முழு அளவு மார்ட்டினி-ஹென்றி ஒன்றைக் காட்டி, சமஸ்தானத்துச் சாமான், லட்சக்கணக்கில் போகும் என்றார்கள். கரிமருந்துக் காலத்துப் பெருந்தோட்டா அதற்கு. அந்தத் தோட்டா இங்கே எந்தக் கடையிலும் இல்லை. தோட்டா கிடைக்காத ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும், இரண்டு இடத்தில் ஓர் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வாங்க ஆளில்லாமல் கடைசிவரை இருந்தது. உங்கள் சின்ன ரைபிள் அதைவிட நல்ல விலைக்குப் போகும் என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், எனக்கு இல்லை.

நான் விலை போடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். அரசுத் தொழிற்சாலை செய்கிற புது பாயின்ட் 22 ரைபிளுக்கு அன்றைக்கு என்ன பில் விலையோ, அதை அளவுகோலாக வைத்துக்கொள்வேன். உங்கள் பி.எஸ்.ஏ.யின் குழல் வாய் முதல் அடிவரை சுத்தமாக, கட்டையும் சாயமும் மாற்றாமல் இருந்தால், அந்தப் பில் விலையை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ கூச்சமில்லாமல் கேட்கலாம். வாய் மட்டும் மழுங்கியிருந்தால் பாதி. உள்ளே குழிகள் விழுந்திருந்தால் கால்வாசி, அதையும் பூட்டுக்காகத்தான் வாங்குவார்கள். நல்ல துளைப்பார்வை இருந்தால் எந்த நிலையிலும் மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். இது சட்டமில்லை, என் கை வழக்கம். வியாபாரி நேரடியாக வாங்கினால் அவர் லாபத்தை விட்டுத்தான் கொடுப்பார். அவர் கடையில் வைத்து ஆள் பார்த்து விற்றுத்தந்தால் தரகு போக மீதி உங்களுக்கு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஆனால் காலக்கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சானின் ஒன்றரை லட்சத்தைப் பற்றி: குழலைப் பார்க்காமல் அதை முடியாது என்றும் சொல்ல மாட்டேன், சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்த ஆளையெல்லாம் திருப்பி அனுப்பிக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள். வருகிற ஆள் அதிகம் இல்லை.

வாங்குகிறவரின் லைசென்ஸை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். 12 போர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர் அதை வைத்துக்கொண்டு பாயின்ட் 22 ரைபிள் வாங்க முடியாது. எந்த ரகம், எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். லைசென்ஸ் உள்ள ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்பதென்றால், வாங்குகிறவர் பெயர் முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கொடுக்க முடியும். அதனால் முன்பணம் வாங்கினாலும் ரசீதில் இதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விஷயம் வாரிசு விற்பனை, ஒப்படைத்த இடத்தின் மூலமாகத்தான் நடக்கும். அம்மா, உடன்பிறந்தவர்கள் கையெழுத்தும் கேட்பார்கள். நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத லைசென்ஸ் பார்க்கிற பிரிவில் உங்களுக்கான பாரங்களைக் கேட்டு வாங்குங்கள். வாங்குகிறவர் நெல்லை மாநகருக்குள் இருப்பவர் என்றால் அவருக்கு உரிமம் தருவது காவல் ஆணையர். தென்காசிப் பக்கம் என்றால் 2019இலிருந்து அது தனி மாவட்டம், பழைய நெல்லை முத்திரை போட்ட புத்தகமாக இருந்தாலும் இப்போது எங்கே புதுப்பித்திருக்கிறார் என்று பாருங்கள்.

விற்க மனசில்லாவிட்டால், நீங்களே வாரிசாக லைசென்ஸ் கேட்கவும் 2016 ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. மற்ற வாரிசுகளின் சம்மதமும், உங்கள் ஊர் காரணமாக வன அதிகாரியின் சம்மதமும் அதற்கு வேண்டியிருக்கும். கடிதத்தில் தாத்தாவைச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லத் தோன்றியது.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிற எண்ணும், ரைபிளில் அடித்திருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்படைக்கிற அன்று அவர்கள் முன்னாலேயே சரிபாருங்கள். பழைய புத்தகங்களில் கையால் எழுதும்போது ஓர் இலக்கம் மாறிப்போயிருப்பது நடக்கிற ஒன்று. அன்றைக்கே எழுதித் திருத்தி வாங்கிவிட்டால் விற்கிற நாளில் தடை வராது. குழலைப் பார்த்தவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், தொகையாகவே சொல்லி எழுதுகிறேன்.